வராதவர்கள் வாங்கிய மார்க்

அந்தப் பள்ளிக்கூடத்து கிளார்க்குக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. ஸ்டாம்ப் பேடில் மை காயாமல் இருக்க வேண்டும். தலைமையாசிரியைக்கு மதியச் சாப்பாட்டுக்கு மேல் புதிய யோசனை எதுவும் வராமல் இருக்க வேண்டும். ஒரே மகள் நன்றாகப் படிக்க வேண்டும். மூன்றாவது ஆசை ஏற்கெனவே பலித்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் பதினொரு வயதில் அந்தப் பெண் அப்பாவின் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பாள். இந்த மனிதர் நாற்பது வயதுக்கு மேல் கல்விப் புள்ளியியலிலும் அளவீட்டிலும் முதுகலைப் பட்டம் வாங்குவார் என்று யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். வாங்கினார். அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பீட்டு வாரியம் ஒரு தேர்வு வைக்கும். தேர்வு முடிந்ததும் ஒரு கோடு போடும். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் மேல்வரிசை. அவர்களுக்கு அறிவியல், அல்ஜீப்ரா, பிறகு கல்லூரி. கீழே இருப்பவர்கள் கீழ்வரிசை. அவர்களுக்கு அட்டைப்பெட்டி மடிக்கவும் லேபிள் ஒட்டவும் கற்றுக்கொடுத்துப் பதினாறு வயதில் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். யாருக்கு எத்தனை மார்க் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். மார்க்கைச் சொன்னால் பிள்ளைகளின் மனம் புண்படும் என்பது வாரியத்தின் கொள்கை. பெட்டி மடித்தால் புண்படாது போலிருக்கிறது.

தேர்வன்று வருகைத் தாளை நிரப்புவது கிளார்க்கின் வேலை. வாரியத்தின் கையேட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: வராதவர்களுக்கு மதிப்பெண் கட்டத்தில் 99 என்று குறிக்கவும். பூஜ்யம் போட்டால் வந்து எழுதிப் பூஜ்யம் வாங்கியவரோடு குழம்பிவிடுமாம். நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது.

அந்த வருஷம் நாற்பது பேரில் பதினொரு பேர் வரவில்லை. ஏழு பேர் ஒரு கல்யாணத்துக்கு வேனில் போய், திரும்பும் வழியில் டயர் வெடித்து நடுரோட்டில் நின்றார்கள். மூன்று பேருக்கு அம்மை. பதினொன்றாவது, லாண்டரிக்காரம்மாவின் பெண். கிளார்க்கின் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் காய்ச்சலில் செத்துப்போய்விட்டாள். பெயரை நீக்கும் படிவத்தில் மூன்று கையெழுத்து வேண்டும், இரண்டுதான் ஆகியிருந்தது. அதனால் அவளும் பட்டியலில் இருந்தாள். அவள் பெயருக்கு எதிரே 99 போடும்போது கிளார்க்குக்குக் கண் கலங்கியது. எழுத்து மட்டும் கோணவில்லை. இருபது வருஷப் பழக்கம்.

முடிவு வந்தது. மேல்வரிசைக்குத் தேர்வானவர்கள் பதினொரு பேர். டயர் வெடித்த ஏழு பேர், அம்மை போட்ட மூன்று பேர், செத்துப்போன பெண். வந்து உட்கார்ந்து எழுதிய இருபத்தொன்பது பேரும் கீழ்வரிசை. கிளார்க்கின் மகள் உட்பட.

அவர் பட்டியலை நான்கு தடவை படித்தார். அப்புறம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாரியத்தின் அலுவலகத்துக்குப் போனார். ஐந்தாம் நம்பர் ஜன்னலில் ஒரு அம்மாள் ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு தப்பு நடந்திருக்கு. வராதவங்களுக்குப் போட்ட நம்பரை மார்க்குன்னு எடுத்துட்டாங்க."

"ஆட்சேபணையா?"

"ஆமா மேடம்."

"டிகிரி என்ன?"

"பி.எஸ்ஸி. கணக்கு. தபால்ல படிச்சது."

"கல்வி அளவீட்டுல முதுகலை இருக்கா? அது இருந்தாத்தான் ஆட்சேபணை வாங்குவோம். மத்தவங்க சொல்றது ஆட்சேபணை இல்லை சார், அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு அங்க ஒரு பெட்டி இருக்கு, போட்டுட்டுப் போங்க."

பெட்டி இருந்தது. அதன் பூட்டுக்குச் சாவி தொலைந்து ஆறு வருஷம் ஆகிறது என்று வாசலில் இருந்த காவலாளி தகவல் சொன்னார்.

"அந்த டிகிரி வாங்க எவ்வளவு நாளாகும் மேடம்?"

"ரெண்டு வருஷம்னு போட்டிருக்கும்," என்றார் அந்த அம்மாள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள்: "தப்புன்னு சொல்றதுக்கு எதுக்குங்க ரெண்டு வருஷம்? 'தப்பு'ன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?"

"சொல்றதுக்குத் தகுதி வேணுமாம்."

"எழுதின பிள்ளைக்குத் தகுதி இல்லை, சொல்ற அப்பனுக்கும் தகுதி இல்லை. யாருக்குத்தான் இருக்கு இந்த ஊர்ல?" என்று தட்டை நங்கென்று வைத்தாள். மகளுக்கு அன்று பெட்டி மடிக்கும் வகுப்பில் முதல் நாள். கட்டை விரலில் அட்டை கிழித்திருந்தது.

பதினைந்து வயது முடிவதற்குள் ஆட்சேபணை ஜெயித்தால் மகள் மேல்வரிசைக்குப் போய்விடலாம். அதே வயதுக்குள் ஒரே ஒரு மறுதேர்வும் உண்டு. கிளார்க்கிடம் நான்கு வருஷம் இருந்தது. சம்பளமில்லாத விடுப்பும் அரை நாள் விடுப்பும் மாற்றி மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டு, அந்தப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தார்.

விண்ணப்பத்தோடு, அவரை அறிந்த ஒருவர் அவருடைய ஆர்வம், நேர்மை, பணிவு, கற்பனை ஆகியவற்றை ஒன்று முதல் ஏழு வரை அளந்து தர வேண்டும். தலைமையாசிரியை எல்லாவற்றுக்கும் நான்கு போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நடுவுல போட்டா யாரும் என்னைக் கேள்வி கேக்க மாட்டாங்க," என்றார். இந்தப் பதில் பின்னால் பாடத்திட்டத்திலேயே இருப்பதை கிளார்க் கண்டுகொண்டார்.

நேர்முகத் தேர்வை நடத்தியவர் துறைத்தலைவர். மாணவர்கள் அவருக்குத் 'தசமம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த எண்ணையும் இரண்டு தசம இடம் இல்லாமல் அவர் வாயில் போட்டுக்கொள்வதில்லை.

"எத்தனை பிள்ளைகள் உங்களுக்கு?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுன்னா?"

கிளார்க் முழித்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு பேராசிரியை, பாவம் பார்த்து, மேசைக்கடியில் இரண்டு விரலைக் காட்டினார்.

"ஒண்ணு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் சார்."

"தன்னம்பிக்கை இருக்கு," என்று தசமம் எழுதிக்கொண்டார். இடம் கிடைத்துவிட்டது.

அந்த இரண்டு விரல் காட்டிய பேராசிரியைதான் பிறகு அவருக்கு நெறியாளர் ஆனார். பத்தொன்பது வருஷமாக உதவிப் பேராசிரியை. பதவி உயர்வுக்கான அளவுகோல் இன்னும் சரிபார்க்கப்பட்டுக்கொண்டிருப்பதாக அவரிடம் வருஷாவருஷம் சொல்லிவந்தார்கள்.

முதல் பருவத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளை என்ற சொல்லை உபயோகிக்கக் கூடாது. அலகு என்று சொல்ல வேண்டும். மறந்துபோய்ப் பிள்ளை என்று சொன்னவர்கள் வராந்தாவில் போய் நிற்க வேண்டும். கிளார்க் முதல் மாதம் முக்கால்வாசி வராந்தாவில்தான் படித்தார். அந்தக் கட்டடத்துக்குள் பிள்ளைகள் வந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு தடவை தரை கூட்டும் அம்மாவின் மூன்று வயதுக் குழந்தை வராந்தாவில் குடுகுடுவென்று ஓடி வந்தபோது இரண்டு பேராசிரியர்கள் பதறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கருவி தயாராக இல்லாத நேரத்தில் அலகு வருவது முறையல்ல என்று மறுநாள் சுற்றறிக்கை வந்தது.

வீட்டுப்பாடங்களை அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தார். எதிரே மகள். அவளுடைய பள்ளியில் அல்ஜீப்ரா கிடையாது என்பதால் அப்பாவின் புத்தகத்தில் கற்றுக்கொண்டாள். ஆறு மாதத்தில் அவள் சொல்லிக்கொடுக்க இவர் எழுதும்படி ஆயிற்று.

"திட்ட விலக்கம்னா என்னன்னு திரும்பச் சொல்லும்மா."

"எல்லாரும் சராசரியிலேர்ந்து எவ்வளவு தள்ளி நிக்கறாங்கன்னு பாக்கறதுப்பா."

"பதினொரு பேரும் தொண்ணூத்தொன்பதுன்னா?"

"யாரும் தள்ளி நிக்கலையே. பூஜ்யம்." பென்சிலைக் கடித்துக்கொண்டு, "அவளும் இருக்காளாப்பா அதுல?" என்று கேட்டாள்.

"இருக்காம்மா."

மகள் அடுத்த கணக்கைத் திருப்பினாள். அவளைத் தேற்றுவதா, கணக்கைப் பார்ப்பதா என்று தெரியாமல் கிளார்க் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கணக்கைத்தான் பார்த்தார்.

இரண்டாம் பருவத்தில் தசமமே பாடம் எடுக்க வந்தார். திரையில் ஒரு வரைபடம். கீழே கும்பலாகச் சில ஆயிரம் புள்ளிகள். உச்சியில் தனியாக ஒரு நேர்கோட்டில் கொஞ்சம் புள்ளிகள்.

"இவங்கதான் என்னோட வாழ்நாள் கண்டுபிடிப்பு," என்றார். குரல் தழுதழுத்தது. "மௌனச் சிறப்பினர். எந்தப் பள்ளியில பார்த்தாலும் சில அலகுகள் எல்லாப் பாடத்துலயும் தொண்ணூத்தொன்பது புள்ளி பூஜ்யம் பூஜ்யம் வாங்குது. கணக்கிலும் அதே, மொழியிலும் அதே. விலக்கம் பூஜ்யம். மனித குலத்துல இப்படி ஒரு நிதானத்தை யாரும் பார்த்ததில்லை. வாரியத்துக்கு மேல்வரிசைக்கான கோட்டை நான் இவங்களை வச்சுத்தான் போட்டுக் கொடுத்தேன். தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு பூஜ்யம்."

கிளார்க் கையைத் தூக்கினார். 

"சார், அவங்க வரலை சார். அது வராதவங்களுக்குப் போடற நம்பர். கையேட்டுல நாப்பத்து மூணாம் பக்கம். நானே என் கையால போட்டிருக்கேன்."

தசமம் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வரலைன்னு சொல்றீங்க. இருக்கட்டும். வந்து எழுதறவங்க என்ன பண்றாங்க? தப்பு பண்றாங்க. நல்லாப் படிக்கற அலகுகூட நாலு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் தப்பு பண்ணுது. இவங்க பண்ணின ஒரே ஒரு தப்பான விடையை எனக்குக் காட்டுங்க. முடியாது. ஏன்னா இல்லை."

"விடைத்தாளே இல்லையே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அவர் கிளார்க்கின் தோளில் அன்பாகக் கை வைத்தார். "என்னோட பதினேழு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் கட்டுரை, இந்தக் கட்டடம், பின்பக்க லிஃப்ட், எல்லாம் அந்த நம்பர் மேல நிக்குது. நீங்க சொல்றது உண்மையாக்கூட இருக்கலாம். ஆனா நம்பகமானதில்லை. உண்மைக்கும் நம்பகத்தன்மைக்கும் சம்பந்தமில்லைன்னு முதல் பருவத்துலயே படிச்சிருப்பீங்களே?"

படித்திருந்தார். அந்தப் பேப்பரில் எழுபத்திரண்டு மார்க் வேறு வாங்கியிருந்தார்.

இதற்கிடையில் மௌனச் சிறப்பினருக்கு ஒரு சோதனை வந்தது. வாரியம் அவர்களுக்கு வருஷாவருஷம் ஒரு தொடர்தேர்வு வைத்தது. வேன் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் கல்யாணம் எதுவும் இல்லாததால் வந்து எழுதினார்கள். அம்மை இறங்கியவர்களும் எழுதினார்கள். ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று என்று எல்லாப் பிள்ளைகளையும் போல வாங்கினார்கள். வேறு யாராவது இதைப் பார்த்திருந்தால் உறைத்திருக்கும். தசமம் பதினெட்டாவது கட்டுரையை எழுதினார். பள்ளிக்கு வருவதனால் அறிவு சரிகிறது என்பது அதன் முடிவு. அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தை வாங்கிக்கொண்டு அவர் பேசியது:

"நண்பர்களே, எல்லாரும் சரிஞ்சாங்க. ஒரே ஒரு அலகு மட்டும் சரியலை. மூணு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் வருஷமா தொண்ணூத்தொன்பது புள்ளி பூஜ்யம் பூஜ்யம். நாம அனுப்பின எந்தக் கேள்வித்தாளுக்கும் அது பதட்டப்படலை. அந்த வீட்டுல அப்படி என்ன சூழ்நிலை இருக்குன்னு நாம கண்டுபிடிக்கணும். மத்த வீடுகளும் அதைப் பின்பற்றணும்."

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. கிளார்க் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்த அலகு யாரென்று அவருக்குத் தெரியும்.

அந்த வீட்டுக்குப் போய்த் தகவல் திரட்டி வரும் வேலையை அவருடைய ஆய்வேட்டுக்கான களப்பணி என்று ஒதுக்கிவிட்டார்கள். நெறியாளரிடம் ஓடினார்.

"மேடம், அந்தப் பொண்ணு செத்துப்போயிட்டா மேடம். தேர்வுக்கு முன்னாடியே."

நெறியாளர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும். தசமத்துக்கிட்ட நான் போன வருஷமே சொன்னேன். படிவத்துல 'இறந்துட்டா'ன்னு ஒரு கட்டமே இல்லைன்னுட்டார். 'பதிலில்லை'ன்னுதான் இருக்கு. அதுக்கும் நம்பர் தொண்ணூத்தொன்பதுதான்."

"நான் எப்படி மேடம் அந்த அம்மா முன்னாடி போய் நிப்பேன்?"

"களப்பணி இல்லாம ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லாம டிகிரி இல்லை. டிகிரி இல்லாம உங்க பொண்ணு…" என்று நிறுத்திக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். படிவத்தை மேசை மேல் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லாண்டரிக்கடை தெருமுனையில் இருந்தது. ஹேங்கர்களில் அடுத்தவர்களுடைய சட்டைகள். இஸ்திரிப்பெட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பின்சுவரில், சோப்புத்தூள் மூட்டைக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு மூன்று சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் அந்தப் பெண்ணின் பெயரும், மௌனச் சிறப்பினர் என்ற பட்டமும், தசமத்தின் கையெழுத்தும் இருந்தன.

"வாங்க கிளார்க் சார்," என்று லாண்டரிக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உங்க பொண்ணு எப்படி இருக்கா? நல்லா வளந்திருப்பா இல்ல?"

கிளார்க் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததற்கு அவரை ஏசினாலும் தகும். அந்தக் கேள்விகளை அவர்தான் கேட்டார், வேறு யாரும் கேட்கவில்லை.

"அவங்க… தினமும் எத்தனை மணி நேரம் தூங்குவாங்க?"

அந்த அம்மாள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நல்லாத் தூங்குவா சார். எழுப்பறதுதான் கஷ்டம்."

"படிக்கறதுக்குத் தனி மேசை உண்டா?"

"இந்தா, இந்தத் துணி மூட்டை மேல உக்காந்துதான் படிப்பா. சூடா இருக்குன்னு சொல்வா."

ஒன்பதாவது கேள்வி, எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறார் என்பது. கிளார்க் அதைத் தாண்டிப் பத்தாவதுக்குப் போனார். பத்தாவதையும் கேட்கவில்லை. படிவத்தை மடித்துவிட்டார்.

"ஒண்ணு கேக்கணும் சார்," என்றார் லாண்டரிக்காரம்மா. "எனக்குத் தேதி தெரியாதா? மூணு வாரம் முன்னாடியே போயிட்டா. நான்தானே குளிப்பாட்டினேன். ஆனா மார்க் வருது. வருஷாவருஷம் வருது. நீங்கதான் இதையே படிக்கறீங்களே, எப்படி சார் இது?"

மூன்று வருஷமாக ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல உரிமை தேடி அலைந்த மனிதர், அதைக் கேட்க ஒருவர் கிடைத்தபோது வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"சொல்ல வேண்டாம் சார்," என்றார் அந்த அம்மாளே, அடுத்த சட்டையை விரித்துக்கொண்டு. "வருஷத்துல ஒரு நாள் தபால்காரர் வாசல்ல நின்னு அவ பேரைச் சொல்லிக் கூப்பிடறார். இந்த ஊர்ல வேற யாரும் இப்ப அவளைக் கூப்பிடறதில்லை."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் கிளார்க் அழுதார். அழுது முடித்து, ஆய்வேட்டை எழுத ஆரம்பித்தார். உள்ளது உள்ளபடி எழுதினார். நாற்பத்து மூன்றாம் பக்கம், வேன், டயர், அம்மை, இடுகாட்டுச் சீட்டு, எல்லாம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் இருந்தன. மகள் அட்டவணைகளைச் சரிபார்த்தாள். லாண்டரிக்காரம்மா சொன்ன எதையும் அவர் எழுதவில்லை. களப்பணிக்கான பக்கங்களில் பதிலில்லை என்று போட்டுவிட்டார்.

இரண்டு வருஷப் படிப்பு நான்காம் வருஷத்தில் வாய்மொழித் தேர்வுக்கு வந்து சேர்ந்தது. நான்கு தேர்வாளர்கள் வர வேண்டும். தசமம் மட்டும் வந்தார். ஒருவருக்கு விமானம் தாமதம், ஒருவர் தேதியை மறந்துவிட்டார், மூன்றாமவர் எதற்குமே வருவதில்லை என்று துறையில் பிரசித்தம்.

தசமம் இரண்டு மணி நேரம் ஆய்வேட்டைக் கிழித்துத் தோரணம் கட்டினார். "பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைன்னு எழுதியிருக்கீங்க," என்றார். "மாதிரியோட அளவு ஒரே ஒரு பள்ளி. ஆய்வாளரே சம்பந்தப்பட்ட அலகுக்குத் தகப்பன். இதெல்லாம் அழுகை, ஆய்வு இல்லை." முப்பத்தொரு மார்க் போட்டு உறையில் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐம்பது வாங்கினால்தான் தேர்ச்சி.

கிளார்க் வராந்தாவில், அவருக்குப் பழக்கமான இடத்தில், நின்றுகொண்டிருந்தார். துறையின் அலுவலகத்தில் அவரைப் போலவே ஒரு கிளார்க் இருந்தார். அவர் கையேட்டைப் பார்த்தார், வராத மூன்று தேர்வாளர்களின் கட்டத்தையும் நிரப்பினார், கூட்டினார், வகுத்தார். தொண்ணூற்றொன்பது மூன்று தடவை, முப்பத்தொன்று ஒரு தடவை. சராசரி எண்பத்திரண்டு.

"வாழ்த்துக்கள் சார்," என்று எழுந்து வந்து கை கொடுத்தார். "சிறப்புத் தேர்ச்சி!"

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும், சந்தோஷத்தில் புரியவில்லை.

மறுநாள் பட்டத்தையும் ஆட்சேபணையையும் தூக்கிக்கொண்டு ஐந்தாம் நம்பர் ஜன்னலுக்குப் போனார். அதே அம்மாள் இந்தத் தடவை எழுந்து நின்று, "உள்ள போங்க சார்," என்றார். ஆட்சேபணை அதிகாரி தங்கமான மனுஷர். ஃபேனைப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

"பிரமாதம்," என்றார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. வராதவங்களுக்குப் போட்ட தொண்ணூத்தொன்பது மார்க்கே இல்லை. எடுத்துடணும்."

கிளார்க் கை கூப்பினார். "நன்றிங்க சார்."

"ஒரு நிமிஷம். உங்க வாய்மொழித் தேர்வுச் சீட்டு இருக்கா? பட்டத்தைச் சரிபார்க்கணும், வழக்கம்தான்." வாங்கிப் பார்த்தார். பென்சிலால் மூன்று எண்களை அடித்தார். மிச்சமிருந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "முப்பத்தொண்ணு. நீங்க ஃபெயில் சார். பட்டம் செல்லாது. பட்டம் இல்லாதவர் கொடுத்தது ஆட்சேபணை இல்லை, அபிப்பிராயம்."

"தப்புன்னு நீங்களே இப்ப ஒத்துக்கிட்டீங்களே சார்!"

"ஒத்துக்கிட்டதாலதான் சிக்கல்," என்றார் அதிகாரி உண்மையான வருத்தத்தோடு. "நீங்க சொல்றது சரின்னா, அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. உரிமை இருக்குன்னா, நீங்க சொல்றது தப்பு. எது வேணுமோ சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். பட்டத்தை வச்சுக்கறதா இருந்தா இந்த மனுவை வாபஸ் வாங்கிடுங்க. நல்ல பட்டம் சார், சுவத்துல மாட்டலாம்."

கிளார்க் மனுவை வாபஸ் வாங்கினார்.

மகளுக்குப் பதினைந்து முடிய இருபத்தாறு நாள் இருந்தது. மிச்சமிருந்தது அந்த ஒரே மறுதேர்வு. அவள் நான்கு வருஷமாக அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தாள். பகலில் பெட்டி மடித்துவிட்டு வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, இல்லாத பாடங்களையெல்லாம் படித்தாள். தேர்வன்று காலையில் தலை வாரி, இரண்டு பென்சிலைக் கூராகச் சீவி டப்பாவில் வைத்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"போக வேண்டாம்மா," என்றார் கிளார்க்.

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மகள் நிமிரவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும்ப்பா. நீங்க கேட்டுப் பாருங்க."

"தெரியும்மா. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். கோடு தொண்ணூத்தெட்டரைக்கு மேல இருக்கு. எழுதி யாரும் அதைத் தாண்டினதில்லை. நீ தொண்ணூத்தஞ்சு வாங்குவே. வாங்கிட்டுப் பெட்டி மடிக்கப் போவே." குரல் உடைந்தது. "உன் அப்பன் நாலு வருஷம் படிச்சது இது ஒண்ணுதான். இதையாவது கேளு."

அவள் ஒரு செருப்போடு நின்றாள். பிறகு அதையும் கழற்றிவிட்டுச் சமையலறை மேசையில் போய் உட்கார்ந்தாள். அன்று மூன்று மணி நேரமும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள் என்று மனைவி பின்னால் சொன்னாள். கிளார்க் பள்ளிக்குப் போய் வருகைத் தாளைப் பிரித்தார். மகளின் பெயருக்கு எதிரே நாற்பத்து மூன்றாம் பக்கத்தின்படி எழுதினார். எழுத்து கோணவில்லை.

மேல்வரிசை கிடைத்தது. கூடவே ஒரு சான்றிதழ், தசமத்தின் கையெழுத்தோடு. பொறியியலோ மருத்துவமோ எது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று தலைமையாசிரியை பூரித்துப் போனார். மனைவி சான்றிதழை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தபோது லாண்டரிக்காரம்மா ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார்.

"கேள்விப்பட்டேன் சார்! எவ்வளவு சந்தோஷம்!" சான்றிதழை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "இதேதான். என் வீட்டுல இருக்கறதுல ஒரு எழுத்து மாறலை." மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவ இத்தனை நாளா அந்த லிஸ்ட்ல தனியா இருந்தா கண்ணு. எனக்கு அதுதான் உறுத்தலா இருந்தது. இப்ப பழையபடி ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு."

மகள் தலையாட்டினாள். அவர் போகும் வரை சிரித்த முகமாகவே இருந்தாள்.

அப்புறம் கேட்டாள்: "நான் எழுதியிருந்தா எவ்வளவுப்பா வாங்கியிருப்பேன்?"

கல்வி அளவீட்டில் முதுகலைப் பட்டம், சிறப்புத் தேர்ச்சி, சுவரில் மாட்டியிருந்தது. கிளார்க் அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"தெரியலைம்மா."

அவள் உள்ளே போய் டப்பாவைத் திறந்து அந்த இரண்டு பென்சிலையும் எடுத்து வந்தாள். சீவிய முனை அப்படியே இருந்தது. அப்பாவின் சட்டைப் பையில் செருகினாள்.

"ஆபீஸ்ல வச்சுக்கோங்க. தொண்ணூத்தொன்பது போடறதுக்கு ஆகும்."